பழைய மடிக்கணினியும் புதிய வீட்டு வலையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. பழைய மடிக்கணினி ஒன்றை வீட்டிலுள்ள கணினி வலையோடு எவ்வாறு இணைப்பது என்பதே அது. இதற்கென ஒரு பேச்சு வேண்டுமா, கடைக்காரரிடம் கொடுத்தால் அரை மணியில் முடித்துத் தந்துவிடுவாரே என்று சிலர் எண்ணலாம். முடித்துத் தருவார், மறுப்பதற்கில்லை. ஆனால், அவர் அதை எவ்வாறு முடித்தார் என்பதை வீட்டார் அறிந்துகொள்வது நல்லது. அந்த அரை மணியில் வீட்டுக் கதவின் பூட்டு ஒன்று கழற்றப்பட்டிருக்கவும் கூடும். அதனால்தான் இதைப் பற்றிப் பேச முன்வந்தேன்.

நம் வீடுகள் பலவற்றில் அலமாரியின் மேல்தட்டில் பழைய மடிக்கணினி ஒன்று துணியால் மூடப்பட்டுக் கிடக்கிறது. 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்தோடு, 2003 அல்லது 2004-இல், வெளிநாட்டில் வேலை பார்த்த மகனோ மருமகனோ வாங்கி வந்ததாக அது இருக்கலாம். 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பிறகு வீட்டுப் பெண் பள்ளியில் பெற்று வந்ததாகவும் இருக்கலாம். அதன் உள்ளே திருமணப் படங்கள் இருக்கும். பாட்டனார் பொறுமையாகத் தட்டச்சுச் செய்த குடும்ப வரலாறு இருக்கும். நிலப் பத்திரத்தின் நகலும் கடைக் கணக்கும் இருக்கும். இவற்றிற்கு வேறு படி எங்கும் இல்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் வட்டோ ஊசிமுனை இடைவெளியினும் குறைந்த இடைவெளியில் சுழன்று கொண்டிருக்கும் ஒரு நுட்பமான பொறி. அது என்றேனும் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். அதற்கு முன்னர் அதை வீட்டின் மற்றக் கணினிகளோடு பேச வைக்க வேண்டும் என்று வீட்டார் விரும்புகிறார்கள். ஆனால், சேவை நிறுவனம் புதிதாகக் கொண்டு வந்து மாட்டிய ரூட்டர் இந்தப் பழைய கணினியை உள்ளே விட மறுக்கிறது. கடவுச்சொல் சரி, எழுத்துப் பிழை இல்லை, ஆயினும் மறுக்கிறது. இளைஞர் 'இது குப்பை, தூக்கி எறியுங்கள்' என்கிறார். பெரியவர் 'ரூட்டர்தான் கெட்டுவிட்டது' என்கிறார். இரண்டும் உண்மை இல்லை. இரு சாதனங்களும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. அவை பேசும் மொழி காலத்தால் வேறுபட்டுவிட்டது.

முதலில் எளிய காரணங்களைப் பார்த்துவிடுவோம். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் பக்கவாட்டிலோ முன் விளிம்பிலோ ஒரு சிறு தள்ளு விசை உண்டு. கம்பியில்லாத் தொடர்பைத் திறக்கவும் மூடவும் அமைந்தது அது. அது மூடியிருந்தால் எத்தனை முறை கடவுச்சொல்லைத் தட்டினாலும் பயன் இல்லை. இதைப் பாராமல் கணினியைக் கடைக்குத் தூக்கிச் சென்றவர்கள் பலர்.

அடுத்தது அலைவரிசை. வானொலி நேயர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. வைஃபை என்று நாம் வழங்குவதும் வானொலிதான். சொல்லப்போனால், கணினிகளை வானொலி அலையால் இணைக்கும் முயற்சி 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்பார் தலைமையில் நடந்தது. கடல் நடுவே சிதறிக் கிடந்த தீவுகளுக்குக் கம்பி இழுப்பது அருமையாக இருந்தமையே அதற்குக் காரணம். இன்றைய வீட்டு ரூட்டர் பெரும்பாலும் இரண்டு வரிசைகளில் ஒலிபரப்புகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் முதல் வரிசையைச் சிறிய ஆற்றலோடு பயன்படுத்த உரிமம் வேண்டியதில்லை என்று 2005-இல் விதி செய்தார்கள். இரண்டாவதின் பெரும்பகுதிக்கு அத்தகைய விலக்கு 2018-இல் வந்தது. பழைய மடிக்கணினியின் செவிக்குப் பெரும்பாலும் 2.4 மட்டுமே எட்டும். ரூட்டரில் அந்த வரிசையை எவரேனும் மூடி வைத்திருந்தால், பழைய கணினிக்கு வீட்டு வலையின் பெயரே தென்படாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையை நம் நாட்டில் 13 சானல்களாகப் பிரித்து வழங்குகிறோம். அமெரிக்காவில் விற்ற கணினிகள் பெரும்பாலும் முதல் 11 சானல்களை மட்டுமே கேட்குமாறு அமைக்கப்பட்டவை. ரூட்டர் தானாகவே 12-ஆவது, 13-ஆவது சானலுக்கு நகர்ந்துகொண்டால், அமெரிக்காவிலிருந்து வந்த மடிக்கணினி திடீரென்று செவிடாகிவிடும். நேற்று வரை கிடைத்தது, இன்று கிடைக்கவில்லை என்று வீட்டார் திகைப்பார்கள். ரூட்டரின் சானலை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றில் நிறுத்தி வைத்தால் இத்தொல்லை இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ரூட்டர் மறுக்கிறது என்றால், காரணம் பூட்டு. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

வானொலி அலைக்குச் சுவர் இல்லை. நம் வீட்டு ரூட்டர் ஒலிபரப்புவதை அடுத்த வீட்டாரும் தெருவில் நிற்பவரும் கேட்க முடியும். ஆகவே, பேசுவதை மறைமொழியில் பேச வேண்டும். 1997-இல் இதற்கென முதன்முதலாக அமைத்த முறைக்கு டபிள்யூ.இ.பி. என்று பெயர். கம்பிக்கு நிகரான மறைவு தரும் என்ற பொருள்பட வைத்த பெயர் அது. பெயர் பெரிதாக இருந்தது. பூட்டு சிறிதாக இருந்தது. கணினி அனுப்பும் ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தையும், வீட்டாரின் இரகசியச் சாவியோடு ஓர் எண்ணைச் சேர்த்து அந்த முறை பூட்டியது. அந்த எண்ணை மறைக்காமல் பொட்டலத்தின் மேலேயே எழுதி அனுப்பியது. எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 24 பிட் மட்டுமே. எனவே, 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 எண்களுக்கு மேல் இல்லை. பெரிய எண்ணிக்கையாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால், இடைவிடாது வேலை நடக்கும் ஒரு வலையில் இவ்வளவு பொட்டலங்களும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோய், பழைய எண்களே மீண்டும் வரத் தொடங்கும். அது மட்டுமன்று. அவ்வெண்களுள் சில, இரகசியச் சாவியின் எழுத்துகளையே சிறிது சிறிதாகக் காட்டிக் கொடுக்கின்றன என்பதை 2001-இல் ஃப்ளூரர், மாண்டின், ஷமிர் என்ற மூன்று அறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்து ஆய்வாளர்கள் இப்பூட்டின் பெரிய சாவியையே ஒரு நிமிடத்திற்குள் கண்டுபிடிக்கும் வழியை வெளியிட்டார்கள். ஒரு நிமிடம்! நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைக்கும் நேரம்.

இதனால் விளைந்த கேட்டிற்கு உதாரணம் வேண்டுமானால் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே டி.ஜே.எக்ஸ். என்னும் பெரிய வணிக நிறுவனத்தின் கடைகளில் இப்பழைய பூட்டையே வைத்திருந்தார்கள். 2005 முதல் திருடர்கள் அதன் வழியே நுழைந்து, 4 கோடியே 50 லட்சத்திற்கும் மேற்பட்ட பற்று அட்டை, கடன் அட்டை எண்களைக் கொண்டுபோனார்கள். செய்தி 2007-இல்தான் வெளிவந்தது.

பூட்டு மாற்ற வேண்டும் என்பதை உலகம் அதற்கு முன்பே உணர்ந்திருந்தது. 2003-இல் டபிள்யூ.பி.ஏ. என்ற இடைக்கால முறையும், 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2 என்ற உறுதியான முறையும் வந்தன. 2006 மார்ச்சு முதல், வைஃபை முத்திரை பெற விரும்பும் எந்தப் புதுச் சாதனமும் இந்த இரண்டாம் முறையை அறிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். 2018-இல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் அலமாரியிலுள்ள கணினி எந்தக் காலத்தது, அது எந்தப் பூட்டை அறியும் என்பதை ஓரளவு கணிக்கலாம். 2011-க்குப் பின் வந்த மாணவர் மடிக்கணினிக்கு டபிள்யூ.பி.ஏ.2 தெரியும், ரூட்டர் மூன்றாம் முறையை மட்டுமே ஏற்பேன் என்று பிடிவாதம் பிடிக்காதிருந்தால் போதும். இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையில் ரூட்டரை வைத்தால் அது உள்ளே வந்துவிடும். இப்படிச் செய்வதில் பெருந்தீங்கு இல்லை. கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

2003, 2004-ஆம் ஆண்டுக் கணினியின் நிலை வேறு. அதிலுள்ள ரேடியோ அட்டை 802.11 ஜி என்ற தரத்தைச் சேர்ந்ததாயின், விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 3 என்னும் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத் தொகுப்பை அதில் ஏற்றியபின், இரண்டாம் பூட்டை அது கற்றுக்கொள்ளக் கூடும். அட்டை அதற்கும் முந்திய 802.11 பி தரத்தைச் சேர்ந்ததாயின், பெரும்பாலும் அந்தப் பழைய உடைந்த பூட்டுதான் அதற்குத் தெரிந்தது.

இங்கேதான் சோதனை வருகிறது. 'ரூட்டரைப் பழைய முறைக்கு மாற்றினால் கணினி உடனே சேர்ந்துவிடும்' என்று யாரேனும் வழி சொல்வார்கள். உண்மைதான்; சேர்ந்துவிடும். ஆனால், பூட்டை மாற்றுவது அந்த ஒரு கணினிக்கு மட்டும் அன்று, வீடு முழுவதற்கும். மகள் வங்கிக்கணக்கைப் பார்க்கும் கைப்பேசியும், பேரன் பாடம் கேட்கும் பலகைக் கணினியும் அன்று முதல் அந்தச் சிறு பூட்டின் பின்னால்தான் இருக்கும். வேகத்திலும் இழப்பு உண்டு. அலை எல்லோருக்கும் பொது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். பழைய அட்டை விநாடிக்கு 11 மெகாபிட்டுக்கு மேல் பேச அறியாது. அது மெல்ல மெல்லத் தன் செய்தியைச் சொல்லி முடிக்கும் வரை வீட்டிலுள்ள புதிய சாதனங்கள் எல்லாம் வாய்மூடி நிற்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் தாத்தா உண்டு முடிக்கும் வரை இலையை விட்டு எழாமல் இருப்பதைப் போன்றது இது. தாத்தாவிற்காக அதைச் செய்யலாம். பூட்டு விஷயத்தில் அப்படிச் செய்யலாகாது என்பது என் கருத்து.

சற்றே வேறு வழி ஒன்றையும் சொல்வார்கள். இன்றைய ரூட்டர்களில் விருந்தினர் வலை என்ற ஒன்றைத் தனியே அமைக்கலாம். அதில் சேர்ந்தவர் இணையத்தை அடைவார். வீட்டின் மற்றக் கணினிகளைக் காணமாட்டார். பழங்கால வீடுகளின் திண்ணையைப் போன்றது அது. வழிப்போக்கர் இரவு தங்கிப் போகலாம். உள்ளறைக்குச் செல்ல மாட்டார். நல்ல ஏற்பாடுதான். ஆனால், உடைந்த பூட்டோடு திண்ணை வலையைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? திண்ணையில் தங்கியவர் எழுதி அனுப்பும் கடிதத்திலும் நம் வீட்டு முகவரியே இருக்கும். இது கற்பனை அச்சம் இல்லை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. காவல்துறையினர் அதன் தடம் பற்றிச் சென்றபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் நின்றார்கள். அவருடைய கம்பியில்லா வலையை வேறு எவரோ பயன்படுத்தி அதை அனுப்பியிருந்தார்கள். குற்றம் செய்யாத அந்த மனிதர் பல நாள் விசாரணைக்கு ஆளாக நேர்ந்தது. ஒரு வலையைத் திறந்து வைப்பதன் விலை அத்தகையது.

அப்படியானால் பழைய கணினிக்கு வழியே இல்லையா? உண்டு. அது நம் கண்முன்னே இருப்பதால்தான் நாம் அதைக் காண்பதில்லை. கம்பியைச் சொல்கிறேன்.

பழைய மடிக்கணினியின் பின்புறத்தையோ பக்கத்தையோ பாருங்கள். ஒன்றைப்போல் ஒன்றாக இரு சதுரத் துளைகள் இருக்கும். சிறியது தொலைபேசிக் கம்பிக்கு உரியது. அந்நாளில் தொலைபேசி வழியே இணையம் வந்த காலத்து நினைவுச் சின்னம். சற்றே பெரியது, எட்டுப் பித்தளை நிறக் கம்பிகள் உள்ளே தெரிவது, லேன் கேபிளுக்கு உரியது. பெரியதில் ஒரு முனையையும் ரூட்டரின் பின்புறத்தில் 'லேன்' என்று குறித்த துளையில் மறுமுனையையும் செருகினால், பெரும்பாலும் வேலை முடிந்தது. துளையருகே சிறு விளக்கு மினுக்கும். கடவுச்சொல் இல்லை, பூட்டுத் தகராறு இல்லை, அலைவரிசை இல்லை.

இது எவ்வாறு முடிகிறது? ஈதர்நெட் என்னும் இக்கம்பி முறையை 1973-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் போக்ஸ் என்ற இருவர் உருவாக்கினர். மெட்காஃபுக்கு ஊக்கம் தந்தது முன்னே சொன்ன ஹவாய்த் தீவுகளின் வானொலி வலையே என்பது சுவையான செய்தி. 1990-இல், முறுக்கிய செம்புக் கம்பியில் விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் செல்லும் தரத்தை வகுத்தார்கள். 1995-இல் அது 100 ஆயிற்று; 1999-இல் 1000 ஆயிற்று. ஆனால், ஒவ்வொரு முறை வேகம் கூடியபோதும் பழையவரைத் தள்ளி வைக்கவில்லை. கம்பியின் இரு முனையிலும் உள்ள சாதனங்கள் முதலில் சிறு மின்துடிப்புகளால் 'உனக்கு எவ்வளவு வேகம் தெரியும்?' என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன. இருவரும் அறிந்த உயர்ந்த வேகத்தில் பேச்சைத் தொடங்குகின்றன. புதிய ரூட்டர் பழைய கணினிக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது அந்த ஒரு துளையில் மட்டுமே. மற்றத் துளைகளில் உள்ளவருக்கு இழப்பு இல்லை. இதைத்தான் கம்பியின் பெருந்தன்மை என்று நான் சொல்வேன். கம்பியில்லா முறைக்கு இந்தப் பெருந்தன்மை கைகூடாமல் போனதற்கு அதைக் குறை சொல்வதும் தகாது. தெருவில் நின்று பேசுபவன் குரலையும் மொழியையும் ஊருக்கு ஏற்பத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ரூட்டர் கூடத்தில் இருக்கிறது, கணினியோ மாடியறையில் இருக்கிறது, கம்பி எட்டாது என்பீர்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை செல்லலாம். நம் வீடுகளில் இது போதாமல் போகாது. சுவரைத் துளைக்க மனம் இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. வைஃபை எல்லையை நீட்டுவதற்கென விற்கும் சிறு பெட்டிகளுள் சிலவற்றில் ஒரு லேன் துளையும் இருக்கும். அப்பெட்டி ரூட்டரோடு புதிய பூட்டின் மொழியில் கம்பியின்றிப் பேசும். பழைய கணினியோடு கம்பி வழியே பேசும். கம்பெனிக் காலத்துச் சென்னையில் துபாஷிகள் இருந்தார்களே, அவர்களைப் போன்ற ஒரு துபாஷி அது. ஆனால் அந்நாளைத் துபாஷிகளைப் போல நடுவில் எதையும் தனக்கென எடுத்துக்கொள்வதில்லை. யூ.எஸ்.பி. துளையில் செருகும் புது வைஃபை அட்டையை வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம், ஆனால், விண்டோஸ் எக்ஸ்பிக்கு அதை இயக்கத் தெரிய வேண்டும். இன்று கடையில் கிடைப்பவற்றில் அத்தகைய துணை நிரல் வருவது அரிது.

இனி, விளக்கு எரிகிறது, ஆயினும் தொடர்பு இல்லை என்ற நிலையைப் பார்ப்போம். ரூட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வீட்டு எண் கொடுக்கிறது. 192.168 என்று தொடங்கும் எண்ணைப் பல வீடுகளில் காணலாம். கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் தோன்றினால், அது ரூட்டரிடமிருந்து எண் பெறவில்லை, தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கம்பியைச் சரிபார்க்க வேண்டும். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த மடிக்கணினிகளில் வேறொரு குறை உண்டு. அலுவலகத்தில் கொடுத்த நிலையான எண்ணையே அவை இன்னும் பற்றிக்கொண்டிருக்கும். ஓய்வு பெற்று ஊர் வந்த பின்பும் பழைய பதவிப்பெயரைச் சொல்லிக்கொள்பவரைப் போல. 'எண்ணைத் தானாகப் பெறுக' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அது சரியாகிவிடும்.

கடிகாரத்தையும் பாருங்கள். நெடுநாள் கிடந்த கணினியில், நேரத்தைக் காக்கும் நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்திருக்கும். கணினி தன்னை இன்னும் 2002-ஆம் ஆண்டில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். இணையத் தளங்கள் காட்டும் சான்றிதழ்களைப் பார்த்து, இவை இன்னும் பிறக்கவே இல்லையே என்று அது மறுத்துவிடும். நாளைத் திருத்தினாலும், எக்ஸ்பியோடு வந்த உலாவி இன்றைய தளங்கள் கேட்கும் மறைமொழியைப் பேச அறியாது. அதனால் வருந்த வேண்டியதில்லை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அத்தகைய கணினி இணையத்தில் உலாவாதிருப்பதே நன்று. பல ரூட்டர்களில், குறித்த ஒரு கணினிக்கு மட்டும் வெளி இணையத்தைத் தடுத்து, வீட்டிற்குள் பேச விடும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, கோப்புகள். எதற்காக இணைத்தோமோ அது இன்னும் நடக்கவில்லை அல்லவா? எக்ஸ்பி கணினி மற்றக் கணினியிலுள்ள கோப்புறையைத் திறக்கும்போது எஸ்.எம்.பி. என்னும் முறையின் முதற்பதிப்பைப் பேசுகிறது. வேறு பதிப்பு அதற்குத் தெரியாது. 2017 மே 12 அன்று, வான்னாகிரை என்ற கொடிய நிரல் இந்த முதற்பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியே கணினிக்குக் கணினி பரவி, சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அவ்வாண்டு இறுதியிலிருந்து புதிய விண்டோஸ் கணினிகளில் அந்த முதற்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. அதை மீண்டும் உயிர்ப்பிக்க வழி உண்டு. கடைக்காரர் அதையும் செய்து தருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்னே ரூட்டரின் பூட்டைப் பற்றிச் சொன்ன அதே நியாயம் இங்கும் பொருந்தும்.

எனக்குச் சிறந்ததாகத் தோன்றும் வழி, பழைய கணினியின் இயங்குதளத்தை ஒருநாளைக்கு உறங்க விடுவது. லினக்ஸ் இயங்குதளங்களுள், பழைய 32 பிட் கணினிகளையும் மனத்தில் கொண்டு செய்த எளிய பதிப்புகள் உண்டு. ஆன்டிஎக்ஸ் என்பது அவற்றுள் ஒன்று. டெபியனின் 12-ஆம் பதிப்பும், 2023-இல் வந்தது, அத்தகைய கணினிகளில் நிறுவத்தக்கது. அடுத்த பதிப்பில் அவ்வசதியை நிறுத்திவிட்டார்கள். ஆன்டிஎக்ஸை ஒரு பென் டிரைவிலோ, கணினி பென் டிரைவிலிருந்து தொடங்க அறியாத அளவு பழையதாயின் ஒரு குறுவட்டிலோ பதிந்து, அதிலிருந்து கணினியை எழுப்பினால், வட்டிலுள்ள எதையும் மாற்றாமலே அது புதிய முறையில் பேசும். கம்பி வழியே வீட்டின் புதிய கணினிக்குக் கோப்புகளை அனுப்பிவிடலாம். இயங்குதளம் மாறினாலும் உள்ளிருக்கும் ரேடியோ அட்டை மாறுவதில்லை. ஆகையால், இதற்கும் கம்பியே துணை.

நூறு படங்கள் மட்டுமே எடுக்க வேண்டியிருந்தால் இவ்வளவு முயற்சியும் மிகை. ஒரு பென் டிரைவ் போதும். அப்போதும் ஒரு குறிப்பு. இன்று விற்கும் பெரிய பென் டிரைவுகள் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வருகின்றன. திருத்தம் ஏற்றாத எக்ஸ்பிக்கு அது புரியாது. ஃபேட் 32 என்ற பழைய அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதில் 4 கிகாபைட்டை மிஞ்சிய கோப்பு அடங்காது; திருமண வீடியோ இருந்தால் நினைவில் வையுங்கள்.

தமிழ்க் கோப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன்னர் தமிழில் தட்டச்சுச் செய்தவர்கள் தாம், தாப், டிஸ்கி எனப் பல குறியீடுகளில் அமைந்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டதே 2010-இல்தான். பாட்டனாரின் குடும்ப வரலாற்றை மட்டும் படியெடுத்துப் புதிய கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளும் நிரம்பிய பக்கங்கள் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழையதையும் அழித்துவிட்டால் போனது போனதுதான். ஆகவே, விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்ற பெயரிலுள்ள எழுத்துருக்களையும் சேர்த்துப் படியெடுங்கள். அவை இருந்தால் கோப்பை உள்ளபடியே படிக்கலாம். பின்னர், குறியீடு மாற்றும் நிரல்களால் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். படியெடுத்தவற்றுள் தமிழ்க் கோப்பு ஒன்றையும் படம் ஒன்றையும் புதிய கணினியில் திறந்து, கடைசிப் பக்கம் வரை பார்த்த பிறகே பழைய கணினியை அணைத்து, மின்கலத்தைத் தனியே எடுத்து, மீண்டும் அலமாரியில் வையுங்கள்.